காய்ந்துபோன ஒரு பிரேக் பின், 590 ரூபாய் பில்

2024 ஜூன் கடைசியில் அப்பாவுக்கு இடுப்பு எலும்பில் அறுவை சிகிச்சை. திருநெல்வேலிக்குக் கிளம்பிப் போனவன் சென்னை திரும்ப அக்டோபர் ஆகிவிட்டது. அதுவரை கார் கொட்டிவாக்கத்தில், வீட்டு வாசலில், உறை போர்த்தியபடி நின்றது. எங்கள் தெருவிலிருந்து கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். இந்தப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு உப்புக்காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கிரில் கேட்டுக்குப் பெயிண்ட் அடித்த கை காய்வதற்குள் கீல் துருப்பிடிக்கும் ஊர் இது. உறை போட்டதும் தப்பு என்று இப்போது தோன்றுகிறது. மழை ஈரம் உள்ளே போய் வெளியே வராமல் அங்கேயே தங்கிவிடுகிறது.

வந்த அன்றைக்கு பேட்டரி செத்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வண்டியிலிருந்து வயர் போட்டு ஸ்டார்ட் செய்து, முதல் கியர் போட்டால் வண்டி நகரவில்லை. கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் பின்னாலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம், பிறகு நகர்ந்தது. நான்கு மாதம் ஹேண்ட்பிரேக் இழுத்தபடி நின்றதில் பின் சக்கர டிரம்மோடு பிரேக் ஷூ ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. இது பரவலாக நடப்பதுதான். நீண்ட நாள் நிறுத்துவதானால் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்துவிட்டு, ஹேண்ட்பிரேக்கை விட்டுவிட வேண்டும். தெரிந்திருந்தும் அவசரத்தில் இழுத்துவிட்டுப் போயிருந்தேன்.

அந்த 'டக்' சத்தம் என்னை இரண்டு வாரம் ஏமாற்றியது. வண்டி கொஞ்சம் கனமாக ஓடுவது தெரிந்தது, லிட்டருக்குப் பதினேழு கொடுத்துக்கொண்டிருந்தது பதின்மூன்றுக்கு வந்தது. பின் பிரேக்தான் இன்னும் இழுக்கிறது என்று முடிவு கட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பின் டிரம் இரண்டையும் கழற்றித் தூசி தட்டிப் போட்டேன். ஒரு மாற்றமும் இல்லை. நாள் போனதுதான் மிச்சம்.

உண்மையைக் காட்டிக்கொடுத்தது நாற்றம். திருவான்மியூரிலிருந்து உத்தண்டி டோல் வரை போய்த் திரும்பிய ஒரு சாயங்காலம், வண்டியை விட்டு இறங்கியதும் முன் இடது சக்கரத்திலிருந்து கருகிய வாசனை. கையைப் பக்கத்தில் கொண்டுபோனாலே அனல் அடித்தது. மறுநாள் நண்பனிடம் வெப்பமானித் துப்பாக்கியை இரவல் வாங்கி, பெரும்பாலும் பிரேக்கே அடிக்காமல் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு முன் சக்கரங்களின் பிரேக் டிஸ்க்குகளை அளந்தேன். வலது முன் டிஸ்க் 61 டிகிரி. இடது 148. இதற்கு மேல் சந்தேகப்பட என்ன இருக்கிறது? (துப்பாக்கி இல்லாதவர்கள் ரிம்மைத் தொட்டுப் பார்த்தே வித்தியாசம் கண்டுபிடிக்கலாம். டிஸ்க்கைத் தொட வேண்டாம். சூடாக இருக்கும்போது தண்ணீரும் ஊற்ற வேண்டாம், டிஸ்க் வளைந்துகொள்ளும்.)

சரி, ஜாக்கி போட்டுத் தூக்கினேன். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை பார்க்கக் கூடாது என்பதால் ஸ்டாண்டும் வைத்தேன். வலது சக்கரத்தைக் கையால் தள்ளினால் லேசாக உரசிக்கொண்டு ஒன்றரைச் சுற்று சுற்றியது. இடதை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்ப வேண்டியிருந்தது.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்த்துவிட வேண்டும். சக்கரம் பிடித்துக்கொண்டால் காலிப்பர்தான் (பிரேக் பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் கிடுக்கி) ஜாம் என்று சொல்லிவிட முடியாது. காலிப்பருக்கு ஆயில் கொண்டுபோகும் ரப்பர் குழாயான பிரேக் ஹோஸ் உள்ளுக்குள் ஊதி அடைத்துக்கொண்டாலும் இதே கதைதான். மிதிக்கும்போது ஆயில் போகும், காலை எடுத்தால் திரும்பி வராது. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. மீன்தொட்டிக் கடையில் வாங்கிய மெல்லிய குழாயை ஏர் எடுக்கும் நிப்பிளில் மாட்டி, நிப்பிளைக் கால் சுற்றுத் தளர்த்த வேண்டும். ஆயில் பீச்சி அடித்துச் சக்கரம் உடனே விடுபட்டால், உள்ளே அழுத்தம் சிக்கியிருக்கிறது, ஹோஸையோ, மிதியின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரையோ பார்க்க வேண்டும். எனக்கு இரண்டு சொட்டுதான் வந்தது. சக்கரம் அப்படியே இறுகியிருந்தது. ஆக, காலிப்பரின் பிஸ்டனோ, அது வழுக்கி நகரும் ஸ்லைடு பின்னோ துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டிருக்கிறது.

என் காரில் இருப்பது பெரும்பாலான சின்னக் கார்களில் இருக்கும் மிதக்கும் காலிப்பர். பிஸ்டன் ஒன்றுதான், அதுவும் உள்பக்கம். பிரேக் மிதித்தால் அது உள் பேடை டிஸ்க்கின் மேல் தள்ளும். அந்தத் தள்ளலின் எதிர்விசையில் காலிப்பர் உடல் முழுதும் இரண்டு ஸ்லைடு பின்களின் மேல் வழுக்கி, வெளிப் பேடை மறுபக்கத்திலிருந்து இழுத்து அழுத்தும். காலை எடுத்ததும் பிஸ்டனை உள்ளே இழுக்க ஸ்பிரிங் எதுவும் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் சதுர ரப்பர் சீல்தான், மிதிக்கும்போது முறுக்கிக்கொண்டு, விட்டதும் பழைய நிலைக்கு வரும்போது பிஸ்டனைத் துளியூண்டு பின்னால் இழுக்கிறது. ஒரு மயிரிழை. அந்த மயிரிழைக்கு இடம் கொடுக்க உடல் வழுக்க வேண்டும். பின் காய்ந்து துருப்பிடித்தால் உடல் வழுக்காது. பேட் டிஸ்க்கை விடாமல் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

கீழ்ப் போல்ட்டைக் கழற்றிக் காலிப்பரை மேலே புரட்டப் பார்த்தேன். சாதாரணமாக ஒரு விரலில் புரளும். இது நெம்புகோல் கேட்டது. உள் பேட் 3 மில்லிமீட்டர் மிச்சம், வெளிப் பேட் 7. வலதுபக்கம் பிறகு பார்த்தபோது இரண்டும் ஏறக்குறைய 6. இரு பேடுகளுக்கும் நடுவே இவ்வளவு வித்தியாசம் இருந்தால் காலிப்பர் சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

கீழ்ப் பின்னைப் பிடித்து இழுத்தேன். ஸ்க்ரூ டிரைவர் முனையால் நெம்பியதும் கரகரவென்று வந்தது. பழுப்புத் தூள். கிரீஸ் என்று சொல்ல ஒரு பிசுபிசுப்புகூட இல்லை. மேல் பின் அசையவே இல்லை. துருநீக்கி எண்ணெய் அடித்துவிட்டு, தெருமுனையில் கடை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டேன். வந்தார், குனிந்து பார்த்தார்.

"வாரண்டி இருக்கா சார்?"

"எக்ஸ்டெண்டட் வாரண்டி இருக்குண்ணே. பிப்ரவரி வரைக்கும்."

"அப்ப இதுக்கு மேல கை வைக்காதீங்க. நான் தட்டி எடுத்துடுவேன். அப்புறம் அவங்க, வெளியில கழட்டுனதுன்னு ஒரே வார்த்தையில முடிச்சுடுவாங்க."

தனக்கு வர வேண்டிய வேலையை வேண்டாம் என்று சொன்ன மனுஷன். அவர் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது, நான் ஏற்கெனவே ஒரு போல்ட்டைக் கழற்றிவிட்டேன் என்பது. இருக்கிற நிலையில் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்தேன். பின், பின் வந்த துளை, இரண்டு பேடுகள், டிஸ்க்கில் நீலம் பாய்ந்திருந்த இடம், கிலோமீட்டர் காட்டும் மீட்டர். நல்ல வேளை, பின்னை நான் இன்னும் துடைத்திருக்கவில்லை. சாதாரணமாகத் துடைத்துவிட்டுத்தான் பார்ப்பேன்.

சர்வீஸ் சென்டரில் எஸ்டிமேட் 16,750 ரூபாய். இடது காலிப்பர் 7,200, டிஸ்க் ஜோடி 4,700, பேட் செட் 2,150, லேபர் 1,800, பிரேக் ஆயில் மாற்ற 900. வாரண்டி என்றதும் அட்வைசர் முகத்தைக்கூட நிமிர்த்தவில்லை. "பிரேக் எல்லாம் தேய்மானம் சார், கவர் ஆகாது."

வீட்டுக்கு வந்து வாரண்டிப் புத்தகத்தை எடுத்தேன். வாங்கின அன்று வாங்கி வைத்தது, அன்றிலிருந்து திறந்ததில்லை. கவர் ஆகாத பாகங்கள் என்று ஒரு பட்டியல் இருந்தது. பிரேக் பேட், ஷூ, டிஸ்க், டிரம், கிளச் பிளேட், வைப்பர், டயர், பேட்டரி. காலிப்பர் அந்தப் பட்டியலில் இல்லை. அட்வைசர் சொன்ன "பிரேக் எல்லாம்" புத்தகத்தில் எங்கும் இல்லை.

மறுநாள் புத்தகத்தோடு போனேன். இப்போது காரணம் மாறியது. "வண்டி நாலு மாசம் நின்னிருக்கு, கடல் காத்துல துரு. துரு கவர் ஆகாது." இது கொஞ்சம் வலுவான காரணம், மறுக்க முடியாது. சுற்றுச்சூழலால் வரும் துருவுக்கு விலக்கு புத்தகத்திலேயே இருந்தது. நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், "இதையே ஜாப் கார்டில் எழுதிக் கொடுங்க" என்று கேட்டது. வாயால் சொன்னால் நாளைக்கு வேறொன்று சொல்வார்கள். அரை மணி நேரம் காத்திருந்த பிறகு எழுதிக் கொடுத்தார்கள்.

இடையில் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு யோசனை சொன்னார். "இன்சூரன்ஸ்ல போட்டுடுங்க. மழைத் தண்ணி ஏறிடுச்சுன்னு சொல்லுங்க." 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அவர் கார் நிஜமாகவே முழங்கால் தண்ணீரில் நின்றது, அவருக்குக் கிடைத்தது. வெள்ளத்தால் வந்த சேதம் என்றால் ஓன் டேமேஜ் பாலிசியில், அதாவது நம் வண்டிக்கே வரும் சேதத்துக்கான பாலிசியில், கேட்கலாம். தேய்மானமும் இயந்திரக் கோளாறும் அதில் வராது. பொய் சொல்லிக் கேட்பது எனக்கு ஒத்துவராது என்பது ஒரு பக்கம். சொன்னாலும் கணக்கு உதைக்கும். என் பாலிசியில் ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கூடுதல் கவர்) இல்லை. நான்கு முதல் ஐந்து வருடம் ஆன வண்டியில் உலோகப் பாகத்துக்கு 35 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள், ரப்பர், பிளாஸ்டிக் என்றால் பாதி. அதற்கு மேல் கட்டாயக் கழிவு 1,000. எல்லாம் போகக் கையில் வருவதையும், அடுத்த வருடம் நோ கிளைம் போனஸ் (கிளைம் செய்யாததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) பூஜ்யத்துக்கு இறங்குவதில் போவதையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய லாபம் ஒன்றுமில்லை. சின்ன வேலைகளுக்கு இன்சூரன்ஸைத் தொடும் முன் ஒரு தாளில் இந்தக் கழித்தலைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

பழைய உதிரிபாகக் கடைகள் இருக்கும் புதுப்பேட்டையில் பழைய காலிப்பர் ஆயிரத்து ஐந்நூறுக்குக் கிடைக்கும் என்றான் நண்பன். கிடைக்கும்தான். கதவுக் கைப்பிடி என்றால் நானே போயிருப்பேன்.

பழைய பில்களைப் புரட்டியபோதுதான் என் கையில் ஒரு துருப்புச்சீட்டு இருப்பது தெரிந்தது. வண்டி நிறுத்தப்படுவதற்கு ஒரு மாதம் முன்னால், 2024 மே மாதம், அதே சென்டரில் சர்வீஸ் விட்டிருந்தேன். பில்லில் ஏழாவது வரி: பிரேக் கிளீனிங் அண்ட் கிரீஸிங், நான்கு சக்கரம், 500 ரூபாய், ஜி.எஸ்.டி.யோடு 590. அதற்கு முந்தைய வருடமும் அதே வரி.

மே மாதம் கிரீஸ் வைத்திருந்தால் அக்டோபரில் அந்தப் பின்னில் ஒரு தடமாவது இருக்க வேண்டும். காலிப்பருக்கென்று வரும் கிரீஸ் ஐந்து மாதத்தில் ஆவியாகிப் போகிற பொருள் இல்லை. பின்னைச் சுற்றி ரப்பர் உறை மூடியிருக்கிறது, அதுவும் கிழியவில்லை. என் படத்தில் இருந்ததோ சுத்தமான துருத்தூள். ஆகவே துரு கடல்காற்றால் வந்தது என்பது பாதி உண்மை. அதைத் தடுக்கத்தான் நான் 590 ரூபாய் கொடுத்தேன்.

இதை வைத்துக் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சல் எழுதினேன். முதலில் எழுதிய வரைவு இரண்டு பக்கம், முழுக்கக் கோபம். மனைவி படித்துவிட்டு, "இதுல பில் எங்க இருக்கு?" என்றாள். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு எட்டே வரிகளில் எழுதினேன். தேதி, கிலோமீட்டர், மே மாத பில் எண், ஏழாவது வரி, பின்னின் படம், எழுத்தில் வந்த மறுப்பு, புத்தகத்தின் விலக்குப் பட்டியல் பக்கம், எனக்கு என்ன வேண்டும் என்பது. கீழ்ப் போல்ட்டை நானே கழற்றிப் பார்த்தேன் என்பதையும் எழுதினேன். அவர்கள் கண்டுபிடித்துச் சொல்வதைவிட நானே சொல்வது மேல் என்று பட்டது.

ஐந்து நாள் பதில் இல்லை. ஆறாம் நாள் 1915-ஐ அழைத்தேன், தேசிய நுகர்வோர் உதவி எண். அது நீதிமன்றம் இல்லை, யாருக்கும் உத்தரவு போடாது. புகாரைப் பதிவுசெய்து ஒரு எண் கொடுத்துக் கம்பெனிக்கு அனுப்பி வைக்கும், அவ்வளவுதான். ஆனால் கடைக்காரப் பையனிடம் பேசுவதற்கும் முதலாளி மேஜையில் தாள் போய் விழுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அதிலும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நாமே பேசலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எனக்கு அதுவரை போக வேண்டியிருக்கவில்லை.

புகார் பதிந்த நான்காம் நாள் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. மிகவும் மரியாதையான குரல். "நல்லெண்ண அடிப்படையில்" காலிப்பர், லேபர், பிரேக் ஆயில் மூன்றும் கம்பெனி செலவு. டிஸ்க்கும் பேடும் என் செலவு. மே மாத 590 திருப்பித் தரப்படும். தப்பு என்ற சொல் ஒரு முறைகூட வரவில்லை. காலிப்பர் ஜாம் ஆனதால்தானே பேட் தேய்ந்தது, டிஸ்க் வெந்தது என்று வாதாடிப் பார்த்தேன். அதற்கு மசியவில்லை. இன்னும் ஒரு மாதம் இழுத்திருந்தால் கிடைத்திருக்கலாம். ஆனால் இரண்டு வாரமாக வண்டி இல்லை, அப்பாவை டாக்டரிடம் காட்டச் சென்னைக்கு அழைத்து வர வேண்டும். 9,900 அவர்கள், 6,850 நான் என்று ஒத்துக்கொண்டேன். இன்றைக்கும் அந்த 6,850-இல் பாதி அவர்களுடையது என்றுதான் நினைக்கிறேன்.

கழற்றும்போது பக்கத்தில் நிற்க அனுமதி கேட்டேன், கொடுத்தார்கள். மேல் பின்னைச் சுத்தியலால் தட்டித்தான் எடுக்க முடிந்தது. ரப்பர் உறையை விலக்கினால் பிஸ்டன் ஓரத்திலும் சின்னச் சின்ன துருக்குழிகள். குழி விழுந்த பிஸ்டனைச் சுத்தம் செய்து திரும்பப் போடுவது வீண், புது ரப்பர் சீல் போட்டாலும் அதை அறுத்துவிடும். ஆகவே காலிப்பர் மாற்றியது சரியான முடிவுதான். பழைய காலிப்பரை ஞாபகார்த்தமாகக் கேட்டேன். வாரண்டியில் மாற்றிய பாகம் கம்பெனிக்குத் திரும்பப் போய்விடுமாம்.

வலதுபக்கப் பின்களுக்குக் கிரீஸ் வைக்கும் வேலையை அவர்களிடம் விடவில்லை. வாகன உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் 120 ரூபாய்க்குக் காலிப்பர் கிரீஸ் பாக்கெட் ஒன்றும், ஒரு டப்பா பிரேக் கிளீனரும் வாங்கி வந்து ஞாயிற்றுக்கிழமை நானே உட்கார்ந்தேன். புது பேட் வலதுபக்கமும் போட்டுவிட்டார்கள் என்பதால் பின்னில் மட்டும்தான் வேலை. அவர்கள் அதற்குள் பின்னைப் பார்த்திருப்பார்களா என்ற கேள்விக்கு, கீழ்ப் பின்னை இழுத்ததும் பதில் கிடைத்தது. இடதுபக்கம் போல் மோசமில்லை, ஆனால் பழைய கிரீஸ் மெழுகு போல் இறுகிக் கருத்திருந்தது.

காலிப்பரைக் கழற்றியதும் ஹோஸில் தொங்க விடாமல் பழைய ஷூ லேஸால் ஸ்பிரிங்கில் கட்டினேன். இரண்டு பின்களும் ஒன்று போல் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஒன்றின் முனையில் ரப்பர் புஷ் இருக்கும், அது எந்தத் துளையிலிருந்து வந்ததோ அதற்கே போக வேண்டும். நான் கழற்றுவதற்கு முன்பே ஸ்கெட்ச் பேனாவால் 'மே', 'கீ' என்று எழுதிவிட்டேன். 600 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, கிளீனர் அடித்துத் துடைத்தேன். துளைக்குள்ளும் காதுகுடையும் பஞ்சுக் குச்சியைவிட்டுச் சுத்தம் செய்தேன், அங்கேதான் அழுக்கு நிறைய. வீட்டில் கிடக்கும் சாதாரண கிரீஸை இங்கே தடவக் கூடாது. பெட்ரோலிய கிரீஸ் பட்டால் இந்த ரப்பர் ஊதிக்கொள்ளும், ஊதினால் பின் மறுபடியும் சிக்கும். நல்லது செய்யப் போய் நாமே ஜாம் செய்த கதையாகும். காலிப்பர் கிரீஸையும் மெல்லிசாகத்தான் தடவ வேண்டும், அதிகம் அப்பினால் காற்று அடைத்துப் பின் உள்ளே போகாது.

பிஸ்டனை, ஒரு பழைய பேடை நடுவில் வைத்து சி-கிளாம்ப்பால் மெதுவாக உள்ளே தள்ளிப் பார்த்தேன். எந்த முரண்டும் இல்லாமல் போனது. தள்ளும் முன் மேலே ஆயில் டப்பாவிலிருந்து கொஞ்சம் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் வழிந்து பெயிண்ட்டைத் தின்றுவிடும். எல்லாம் மாட்டி முடித்து, வண்டியை நகர்த்துவதற்கு முன் பிரேக்கை நான்கைந்து முறை மிதித்தேன். முதல் மிதி தரை வரை போகும். அதைச் செய்யாமல் ரிவர்ஸ் எடுத்து கேட்டில் இடித்த ஒருவரை எனக்குத் தெரியும். நான்தான், 2016-இல், பழைய வண்டியில்.

மறுபடி உத்தண்டி வரை. இடது 57, வலது 55.

கடைசியாக ஒரு வேலை செய்தேன். மகளுடைய வெள்ளை நெயில் பாலிஷை எடுத்து, முன் காலிப்பர்கள் இரண்டிலும் ஸ்லைடு பின் போல்ட் ஒவ்வொன்றின் தலையிலிருந்தும் காலிப்பர் உடல் வரை குறுக்கே ஒரு கோடு இழுத்தேன், மொத்தம் நான்கு. போல்ட் கால் சுற்றுத் திரும்பினாலும் கோடு உடைந்துவிடும்.

2025 மே மாதம் சர்வீஸ். வாரண்டி முடிந்துவிட்டது, சென்டர் அதேதான், வீட்டுக்குப் பக்கம். பில்லில் பிரேக் கிளீனிங் அண்ட் கிரீஸிங் 649 ரூபாய் என்று இருந்தது. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி, குனிந்து டார்ச் அடித்தேன். நான்கு கோடுகளும் முழுசாக இருந்தன. அட்வைசரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் உள்ளே போய்ப் பையனைக் கேட்டார். "ஏர் அடிச்சேன் சார்" என்று குரல் கேட்டது.

"அந்த வரியை எடுத்துடுங்க, நானே பாத்துக்கறேன்" என்றேன். எடுத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு வலதுபக்கம் கழற்றினேன். நவம்பரில் தடவிய கிரீஸ், ஆறு மாதம் கழித்தும், அதே கடற்காற்றில், பின்னின் மேல் வழவழவென்று அப்படியே இருந்தது. படம் எடுத்து வைத்திருக்கிறேன்.